இருபத்தாறு நாளாக அம்மாவுக்குக் காய்ச்சல், காரணம் இன்னும் தெரியவில்லை

பூண்டுலோயா மகள் | டிசம்பர் 19, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 49. இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். நவம்பர் 24 மாலை மலையிலிருந்து இறங்கி வந்தவர், கூடையை இஸ்தோப்பில் வைத்துவிட்டு அப்படியே படுத்துவிட்டார். அன்று தொடங்கிய காய்ச்சலுக்கு இன்று இருபத்தாறாவது நாள்.

காலையில் உடம்பு குளிர்ந்துதான் இருக்கும். தேநீர் போடுவார், துணி மடிப்பார், நாளைக்கு வேலைக்குப் பேர் போடப் போகலாம் என்பார். நான்கு மணி தாண்டியதும் நடுக்கம் தொடங்கும். மூன்று கம்பளி போர்த்தினாலும் பல் அடித்துக்கொள்ளும். ஏழு மணிக்கு 101, 102 பாகை இருக்கும். நள்ளிரவில் வியர்த்துச் சட்டை நனைந்துவிடும். 51 கிலோ இருந்தவர் இப்போது 46 கிலோ.

முதல் மூன்று நாள் தோட்ட மருந்தகத்தில் கொடுத்த பெனடோல் (பரசிட்டமோல்). ஆறாம் நாள் டவுனில் ஒரு தனியார் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டெங்கு இல்லை என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. ஒன்பதாம் நாள் இன்னொரு பரிசோதனை செய்து, நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்) என்று சொல்லி ஏழு நாளுக்கு மாத்திரை தந்தார்கள். அதைக் குடித்தபோது காய்ச்சல் இறங்கியது. நிறுத்திய மூன்றாம் நாள் திரும்பி வந்தது. பிறகு அரசாங்க வைத்தியசாலையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். நெஞ்சுப் படம் சுத்தம், சிறுநீரில் கொஞ்சம் இரத்தம், இரத்தம் குறைவு என்றார்கள். அங்கேயும் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது, டிக்கெட் வெட்டி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மாலை மறுபடியும் 102.

நான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறேன். விடுமுறை முடிய ஆறு நாள்தான் இருக்கிறது. அதற்குள் எங்கே, யாரிடம், என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பசறை பால்காரர் | டிசம்பர் 19, இரவு 9.20

தங்கச்சி, எனக்கும் போன வருடம் பதினெட்டு நாள் இழுத்தது. டெங்கு, எலிக்காய்ச்சல் என்று மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு வைத்தியர் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகையும் கையையும் டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்றார். மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள் எழுந்து மாட்டுக்குப் புல் அறுக்கப் போனேன்.

அம்மா புல் அறுப்பதுண்டா, மாடு, நாய் வீட்டில் உண்டா என்று பாருங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்கால் பின்புறம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். அது வலிக்காது, அதனால் உடம்புக்குரியவருக்கே தெரியாது.

கொட்டகலைத் தம்பி | டிசம்பர் 19, இரவு 9.45

அக்கா, வைத்தியசாலைக்கு அலைந்தது போதும். என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் இருந்தது. கொத்தமல்லி, இஞ்சி, நிலவேம்பு கொதிக்க வைத்து ஐந்து நாள் கொடுத்தோம். அதோடு டவுனில் ஒருவர் ஊசி போடுவார், இரண்டு ஊசியில் எப்படிப்பட்ட காய்ச்சலும் நிற்கும். மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதே இல்லை. லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) ஆட்கள் என்றால் பெனடோல் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி, கம்பளை | டிசம்பர் 19, இரவு 10.30

தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. முப்பத்திரண்டு வருடம் வாட்டில் நின்றவள் நான், அந்தக் கோபத்துக்குக் காரணமானவற்றைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கொத்தமல்லித் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள், தொண்டைக்கும் மனதுக்கும் இதம். ஆனால் பெயர் தெரியாத ஊசி வேண்டாம். காரணம் தெரியாத காய்ச்சலில் பெயர் தெரியாத மருந்து போய் விழுந்தால், பிறகு எந்தப் பரிசோதனையும் சரியாகப் பேசாது. இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அது நடந்திருக்கிறது.

மகளே, இன்றிரவே ஒரு கொப்பி எடுங்கள். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, இந்த நான்கு நேரமும் வெப்பமானி வைத்து எழுதுங்கள். தொட்டுப் பார்த்து எழுத வேண்டாம். பெனடோல் கொடுப்பதற்கு முன்பு அளவிடுங்கள், கொடுத்த நேரத்தையும் குறியுங்கள். இந்த இருபத்தாறு நாளில் குடித்த ஒவ்வொரு மாத்திரையின் உறையையும் தேடி எடுங்கள். உறை இல்லையென்றால் நிறத்தையும் எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள்.

மூச்சு முட்டினால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால், கிளினிக் திகதியைப் பார்க்க வேண்டாம். உடனே 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குப் பணம் இல்லை.

மகாவலிக்கரை மருத்துவர் | டிசம்பர் 19, இரவு 11.55

கடமை முடிந்து இப்போதுதான் படித்தேன். நான் உள்மருத்துவத்தில் பயிற்சி பெறும் மருத்துவர். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் தேடும் முறையைச் சொல்லலாம்.

மூன்று வாரம் தாண்டி, 101 பாகைக்கு மேல் பலமுறை ஏறி, வைத்தியசாலையில் ஒரு வாரம் தேடியும் காரணம் கிடைக்காத காய்ச்சலுக்கு மருத்துவத்தில் தனி வரையறை இருக்கிறது. 1961 இல் பீட்டர்ஸ்டோர்ஃப், பீசன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இத்தகைய 100 நோயாளிகளை ஆராய்ந்து அதை வகுத்தார்கள். பின்னர் 1991 இல் அது திருத்தப்பட்டது. காரணங்கள் பெரும்பாலும் மூன்று கூட்டத்துக்குள் அடங்கும்: ஒளிந்திருக்கும் தொற்று, புற்றுநோய் (முக்கியமாக நிணநீர்க் கணுவில் வருவது), உடம்பின் எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்கும் நோய்கள். இதில் நான் மாணவனாக இருந்த நாளிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட பாடம் ஒன்று உண்டு. அரிய நோய் வழக்கமான முகத்தோடு வருவதைவிட, வழக்கமான நோய் அரிய முகத்தோடு வருவதே அதிகம்.

நெருப்புக் காய்ச்சல் என்று சொன்னது எந்தப் பரிசோதனையை வைத்து? வைடால் (கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை) என்றால் அதை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. முன்பு எப்போதோ வந்த தொற்றோ, போட்ட தடுப்பூசியோகூட அதை நேர்மறையாகக் காட்டும். இரத்தத்தை வளர்ப்புக் குப்பியில் இட்டுக் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதி. அதற்குக் குருதி வளர்ப்புப் பரிசோதனை என்று பெயர், வாட்டில் பிளட் கல்ச்சர் என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி முளைக்காமல் போகலாம். தாதி அம்மா சொன்னதன் பொருள் இதுதான்.

மாத்திரை குடிக்கும்வரை இறங்கி, நிறுத்தியதும் திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி அது. அந்த மருந்துக்கு அடங்கக்கூடிய, ஆனால் அந்த அளவுக்கும் அந்த நாளுக்கும் அழியாத ஒரு தொற்று எங்கோ உட்கார்ந்திருக்கலாம்.

அம்மாவிடம் நாளை ஆறுதலாக உட்கார்ந்து கேளுங்கள். பச்சைப் பால் குடித்தாரா? இந்தியாவுக்கோ வேறெங்கோ போய் வந்தாரா? (இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனாலும் பயணம் போனவர்களுக்கு அதை மறக்கக் கூடாது.) வீட்டிலோ லயத்திலோ யாருக்காவது நீண்ட நாள் இருமல், காசநோய்ச் சிகிச்சை? அண்மையில் பல் பிடுங்கியது, புண், சத்திரசிகிச்சை? சிறுவயதில் மூட்டு வீங்கிய காய்ச்சல்? இதயத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னதுண்டா? தலைமயிர் கொட்டுதல், வாய்ப்புண், வெயில் பட்டால் முகம் சிவத்தல்? கழுத்திலோ அக்குளிலோ கட்டி?

பசறை அண்ணா சொன்னபடி தலை முதல் கால்வரை பாருங்கள். நகத்தையும் பாருங்கள். மலைநாட்டில் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல் கூடுதல், தாழ்நிலத்தில் புதர்ப் பூச்சியால் வரும் வகை கூடுதல், கறுத்த பொருக்கைப் பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையில்தான் காண்கிறோம். இரண்டுமே சரியான மருந்துக்கு இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

பூண்டுலோயா மகள் | டிசம்பர் 20, இரவு 7.40

டொக்டர், கொப்பி தொடங்கிவிட்டேன். காலை 98.2, பகல் 99, மாலை ஆறுக்கு 102.2.

இன்று காலை அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீங்கள் கேட்டதை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பச்சைப் பால் இல்லை. இந்தியா போனதில்லை. லயத்தில் காசநோய் யாருக்கும் இல்லை என்றார். பல் என்றதும் வாயைத் திறந்து காட்டினார். தீபாவளி கழிந்து கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பிடுங்கியிருக்கிறார். நவம்பர் 11 என்று சீட்டில் இருக்கிறது. காய்ச்சலுக்கு முன்பு பதின்மூன்று நாள். பல் வலி போய்விட்டது, அதை ஏன் சொல்ல வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சிறுவயது மூட்டு வீக்கம் என்றதும் அம்மா கொஞ்ச நேரம் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். பதினொரு வயதில் தொண்டை நொந்து, அது மாறி இரண்டு வாரத்தில் முழங்கால் வீங்கியிருக்கிறது. முழங்கால் ஆற, கணுக்கால். அது ஆற, முழங்கை. அம்மாயிதான் முதுகில் சுமந்துகொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். மாதம் ஒருமுறை இடுப்பில் ஊசி போட வேண்டும், விடக்கூடாது என்று சொன்னார்களாம். மூன்று வருடம் போட்டார்கள். அம்மாயி இறந்த பிறகு தாத்தா வேறு தோட்டத்துக்குப் போனார். புது இடத்தில் ஊசியைப் பற்றித் தெரிந்தவர் யாரும் இல்லை. அதோடு நின்றுவிட்டது. என் இருபத்தாறு வயதில் இந்தக் கதையை இன்றுதான் முதல்முறை கேட்கிறேன்.

நகம். கொழுந்து எடுக்கும் கை எப்படியிருக்கும் என்று மலையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்கறை ஏறி விரல் நுனியும் நகமும் கறுத்திருக்கும். எந்த வைத்தியர் பார்த்தாலும் அது கறை என்றுதான் நினைப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இருபத்தாறு நாளாக அம்மா கொழுந்து தொடவில்லை. தேசிக்காய்த் தோல் வைத்துத் தேய்த்து நகம் வெளுத்துவிட்டது. அந்த வெளுத்த நகத்துக்கு அடியில் நெடுக்காக மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகள், சிராய் ஏறியது போல. இடது கையில் மூன்று விரலில், வலது கையில் இரண்டில். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. போன வாரம் வலது ஆள்காட்டி விரல் நுனியில் சிறு பயறளவில் சிவந்து நொந்த கட்டி ஒன்று வந்து இரண்டு நாளில் மறைந்ததாம். கவ்வாத்து மிலாறு குத்திய பழைய முள் என்று நினைத்திருக்கிறார்.

பொருக்கு எங்கேயும் இல்லை, உள்ளங்கையில் புள்ளியும் இல்லை.

மகாவலிக்கரை மருத்துவர் | டிசம்பர் 20, இரவு 8.25

சகோதரி, கிளினிக் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவ நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு நாளைக் காலையே போங்கள். தனியார் மருந்தகத்துக்கு வேண்டாம். போகும் வழியில் எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுக்க வேண்டாம், பெனடோல் கொடுக்கலாம்.

காரணத்தையும் சொல்கிறேன். சிறுவயதில் தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு மூட்டாக இடம் மாறி வீங்கும் காய்ச்சல், வாதக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். மூட்டு முழுமையாக ஆறிவிடும். ஆனால் இதய வால்வில் தழும்பு விட்டுப் போகலாம், அது பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். மாதாந்தப் பெனிசிலின் ஊசி, அந்தக் காய்ச்சல் மீண்டும் வந்து வால்வை இன்னும் கெடுக்காமல் காப்பதற்காகத்தான். பல் பிடுங்கும்போது வாயிலுள்ள கிருமி இரத்தத்தில் கலக்கிறது. சாதாரணமாக உடம்பு அதைச் சில நிமிடங்களில் துடைத்துவிடும். தழும்பேறிய வால்வு இருந்தால் கிருமி அதில் ஒட்டிக்கொண்டு, இரத்தத் தட்டுகளோடு சேர்ந்து முளை விட்டு வளரும். இதய உள்ளுறை அழற்சி என்கிறோம். அந்த முளையிலிருந்து சிறு துணுக்குகள் உதிர்ந்து நகத்துக்கடியிலும் விரல் நுனியிலும் சிறுநீரகத்திலும் போய் நிற்கும். உங்கள் அம்மாவின் சிறுநீரில் இரத்தம், இரத்தக் குறைவு, எடை இறங்கியது, எல்லாம் இதோடு பொருந்துகின்றன. துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நகக் கோடு கையால் உழைப்பவர்களுக்குச் சாதாரண அடியாலும் வரும். அதை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் பல், பழைய மூட்டு வீக்கம், மாத்திரை நிறுத்தியதும் திரும்பும் காய்ச்சல் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அதை ஒதுக்கிவிட முடியாது.

அங்கே கேட்க வேண்டியவை: இதயத்தைக் கவனமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்குமுன் வேறு வேறு இடத்தில் குத்தி மூன்று முறை குருதி வளர்ப்புக்கு எடுக்க வேண்டும். எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) எடுக்க வேண்டும். சண்டையாகக் கேட்காமல் கதையாகச் சொல்லுங்கள். கதையைக் கேட்ட எந்த மருத்துவரும் இதைத் தானாகவே செய்வார்.

அப்புத்தளை ஆசிரியர் | டிசம்பர் 20, இரவு 9.10

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் மனதைக் கட்டிப்போட வேண்டாம் என்பது என் அனுபவம். எனக்கும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை இழப்பு. நெஞ்சுப் படம் சுத்தம், சளியில் எதுவும் இல்லை. அதனால் காசநோய் இல்லை என்று இரண்டு மாதம் வேறு எங்கெங்கோ தேடினார்கள். கடைசியில் வயிற்றுக்குள் நிணநீர்க் கணுக்களில் இருந்தது. ஸ்கேனில் கண்டு, ஊசி விட்டுத் திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஆறு மாதம் இலவசமாக மருந்து கொடுத்தார்கள், இப்போது நலமாக இருக்கிறேன்.

லயத்தில் காசநோய் இல்லை என்று அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம்மவர்கள் அதை மறைப்பார்கள். பிள்ளைகளின் கல்யாணம் கெடும் என்று பயம். டொக்டர் அதையும் பட்டியலில் வைத்திருக்க வேண்டும்.

மகாவலிக்கரை மருத்துவர் | டிசம்பர் 20, இரவு 9.30

ஆசிரியர் ஐயா, முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். நெஞ்சுப் படம் சுத்தமாக இருப்பது நுரையீரலுக்கு வெளியே உள்ள காசநோயை விலக்காது. பட்டியலிலிருந்து அதை நான் எடுக்கவில்லை. நாளைக்கு எதை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கு மட்டும் என் பதில் வேறு. காசநோய் ஒரு வாரம் பொறுக்கும், வால்வு பொறுக்காமல் போகலாம்.

கொட்டகலைத் தம்பி | டிசம்பர் 20, இரவு 10.05

ஒரு கேள்வி கேட்கிறேன், யாரும் மனம் நோக வேண்டாம். அந்த நான்கு நாள் வாட்டில் அக்காவின் அம்மாவிடம் இந்த மூட்டுக் கதையை யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தாலும் எந்த மொழியில் கேட்டார்கள்? என் அப்பா வாட்டில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர்தான் மொழிபெயர்த்தார். அப்பா அரை மணி நேரம் சொன்னதை அவர் இரண்டு சொல்லில் முடித்தார். தமிழும் ஆட்சி மொழி என்று 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தில் எழுதினார்கள். அது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சேரவில்லை.

ஓய்வுபெற்ற தாதி, கம்பளை | டிசம்பர் 20, இரவு 10.40

தம்பி, இதில் நான் உங்கள் பக்கம்தான். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் என் கடமை நேரத்தில் வந்த தோட்டத்து ஆட்கள் தப்பித்தார்கள். நான் இல்லாத நேரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்து வருந்தாத நாளில்லை. "எங்கே வலிக்கிறது" என்பதை எல்லா இளம் மருத்துவர்களும் தமிழில் கற்றுக்கொள்கிறார்கள். "சின்ன வயதில் என்ன நடந்தது" என்பதைக் கேட்க அந்தச் சொற்கள் போதாது.

மகளே, நீங்கள் எழுதியதை ஒரு பக்கத்தில் சிங்களத்தில் எழுதித் தனி மடலில் அனுப்பியிருக்கிறேன். திகதி வரிசையில் இருக்கிறது. முதல் வரியில் மூட்டு வீக்கம், இரண்டாம் வரியில் பல், மூன்றாம் வரியில் நகம், பிறகு மாத்திரைகள். அச்சிட்டு, சேர்க்கும்போதே கையில் கொடுங்கள். கொப்பியையும் கொடுங்கள்.

பூண்டுலோயா மகள் | டிசம்பர் 22, இரவு 9.00

நேற்று அம்மாவைச் சேர்த்தோம். ஊர் பஸ் வரவில்லை, முச்சக்கர வண்டி பிடித்துக் காலை பத்து மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

இளம் பெண் மருத்துவர் ஒருவர். தமிழ் தெரியாது. தாதி அம்மாவின் தாளைப் படித்தார், மறுபடி படித்தார். பிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, அம்மாவை இடது பக்கம் சரியச் சொல்லி, நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். போய் இன்னொருவரைக் கூட்டி வந்தார். அவரும் கேட்டார். வால்வில் சத்தம் இருக்கிறது என்று எனக்குச் சைகையில் காட்டினார். அம்மாவின் நகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நேற்றுப் பிற்பகல், நேற்று இரவு, இன்று காலை என்று மூன்று முறை இரத்தம் எடுத்தார்கள். அது முடியும்வரை நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவில்லை. நேற்றிரவு 102.6 ஏறியபோது, மருந்து கொடுங்கள் என்று தாதியிடம் கெஞ்சிவிட்டேன். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை எழுதத் தெரியவில்லை. ஈரத்துணி வைத்துக்கொண்டே விடிந்தது.

பசறை பால்காரர் | டிசம்பர் 22, இரவு 9.15

தைரியமாக இருங்கள் தங்கச்சி. வீட்டில் தம்பி தங்கைகள் இருந்தால் சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறதா? பூண்டுலோயாவில் எனக்குச் சொந்தம் உண்டு.

பூண்டுலோயா மகள் | டிசம்பர் 24, இரவு 10.20

அண்ணா, சித்தி வந்திருக்கிறார், நன்றி.

இன்று கண்டிக்கு மாற்றினார்கள். பிற்பகலில் எக்கோ எடுத்தார்கள். இடது பக்கத்து ஈரிதழ் வால்வில் பழைய தழும்பும், அதில் 8 மில்லிமீற்றர் அளவில் ஒரு முளையும் இருக்கிறது. இரத்தக் குப்பிகளில் இரண்டில் கிருமி முளைத்திருப்பதாக முதல் அறிக்கை. இன்றிரவு முதல் ஊசி போட்டார்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நான்கு வாரம்.

அம்மா கேட்டார், "அந்தக் காலத்து ஊசியை இப்போது போடுகிறார்களா?" என்று. ஆம் என்றேன். மருந்தும் அதே குடும்பம்தான், பெனிசிலின்.

மகாவலிக்கரை மருத்துவர் | டிசம்பர் 25, காலை 6.10

மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. இனி இரண்டு விடயம். காய்ச்சல் உடனே இறங்காவிட்டால் பயப்பட வேண்டாம், சில நாள் எடுக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகு நலமாகிவிட்டது என்று நினைத்து நான்கு வாரத்துக்கு முன் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம். முளைக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மருந்து மெதுவாகத்தான் ஊறும். பாதியில் நிறுத்தினால், முன்பு மாத்திரையை நிறுத்தியதும் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.

அப்புத்தளை ஆசிரியர் | டிசம்பர் 27, மாலை 5.30

என் ஐயம் தவறாகப் போனதில் எனக்கு மகிழ்ச்சி. இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் மாரி காலத்தில் தொண்டை நோவோடு வரும் பிள்ளைகளை நாங்கள் வெந்நீர் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஒரே காம்பிராவில் ஆறு பேர் படுக்கும் லயத்தில் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். தொண்டை நோவுக்குப் பிறகு முழங்கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், வளர்த்திக் குத்தல் என்று விட்டுவிடாதீர்கள். ஊசி அட்டை இருக்கிற பிள்ளை தோட்டம் மாறினால், பள்ளி விடுகைப் பத்திரத்தோடு அந்த அட்டையும் போக வேண்டும். எங்கள் பள்ளியில் இந்தத் தவணையிலிருந்து அப்படி ஒரு குறிப்பு வைக்க அதிபரிடம் கேட்கப் போகிறேன்.

பூண்டுலோயா மகள் | டிசம்பர் 29, இரவு 8.00

கொப்பியிலிருந்து: 26 மாலை 101. 27 மாலை 100.2. 28 மாலை 98.8. இன்று 98.4. ஐந்து வாரத்தில் முதல்முறை அம்மா வியர்க்காமல் தூங்கினார். நான் அவ்வப்போது எழுப்பிப் பார்த்தேன், திட்டினார்.

கடைக்கு விடுமுறை நீட்டிக்கக் கேட்டேன், சம்பளமில்லாமல் தந்தார்கள்.

கொட்டகலைத் தம்பி | டிசம்பர் 29, இரவு 8.40

அக்கா, முதல் நாள் நான் சொன்ன ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். பெரியம்மாவின் காய்ச்சல் தானாக ஆறக்கூடிய ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

பூண்டுலோயா மகள் | ஜனவரி 15, இரவு 7.15

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். இன்று ஊசிக்கு இருபத்து மூன்றாம் நாள். வாட்டில் இருக்கும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, வெளியே யாரோ பொங்கிக் கொண்டுவந்த பொங்கலைப் பகிர்ந்து சாப்பிட்டோம். எடை 48.5 கிலோ. நகக் கோடுகள் வளர்ந்து நுனிப்பக்கம் நகர்ந்துவிட்டன, அடுத்த முறை வெட்டும்போது போய்விடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் எக்கோவில் முளை சுருங்கியிருக்கிறது. வால்வு கசிகிறது. பின்னாளில் சத்திரசிகிச்சை வேண்டுமா என்று ஆறு மாதம் பார்த்துச் சொல்வார்களாம். மேல்வரிசையில் இன்னொரு சொத்தைப் பல் இருக்கிறது. அதைப் பிடுங்க அம்மா பயப்படுகிறார். அப்படியே விட்டுவிடலாமா?

மகாவலிக்கரை மருத்துவர் | ஜனவரி 15, இரவு 9.50

விட வேண்டாம். சொத்தைப் பல்லே கிருமிக்கு வாசல். ஆனால் இதய உள்ளுறை அழற்சி ஒருமுறை வந்தவருக்குப் பல் பிடுங்குமுன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்க வேண்டும் என்பது விதி. இதயப் பிரிவில் கேட்டு, வீட்டுக்கு அனுப்புமுன் அங்கேயே பல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி, கம்பளை | ஜனவரி 15, இரவு 10.15

வீட்டுக்கு வரும்போது நோய்க் குறிப்பு அட்டையை ஒளிப்படப் பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள்: அம்மாவின் பையில், சித்தி வீட்டில், உங்கள் கையில். தோட்ட மருந்தகத்தில் உள்ள வைத்திய உதவியாளரிடமும் ஒன்று கொடுத்து, மாதாந்த ஊசி மறுபடி தொடங்குவதா, எங்கே போடுவது என்று எழுதி வாங்குங்கள். தமிழில் நான் எழுதித் தருகிறேன், அம்மா தானே வாசிக்கட்டும்.